எஞ்சினையும் புறொப்பெல்லர் ஷாஃப்டையும் நேராக்குதல்: வன்னிக் கரையோரப் படகுகளுக்கான கேள்வி பதில்

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கமும் மேற்கே நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கமும் உள்ளிணைப்பு டீசல் எஞ்சின் பூட்டிய படகு வைத்திருப்பவர்களுக்கும் அவற்றில் கை வைக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்தப் பக்கம். 28 அடி மூன்றரைத் தொன் படகை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். அதைவிடப் பெரிய படகுக்கும் முறை இதுதான். பாரமும் அளவும் மட்டும் கூடும்.

எங்கட படகு வெளியிணைப்பு எஞ்சின். இது எங்களுக்குத் தேவையோ?

தேவையில்லை. வெளியிணைப்பு எஞ்சினில் ஷாஃப்டும் கியரும் ஒரே கூட்டுக்குள் தொழிற்சாலையிலேயே பொருந்தி வருகின்றன. எஞ்சின் படகின் நடுவிலும், ஷாஃப்ட் குழாய் வழியாகப் பின்னுக்கும் போகிற படகுகளுக்குத்தான் இந்த வேலை.

நேர் எண்டு எதைச் சொல்லுறீங்கள்?

கியர் பொக்ஸின் பின் முகத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். ஷாஃப்டின் முன் நுனியில் இன்னொன்று. இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்ப்பதுதான் கப்ளிங். நாங்கள் பிளாஞ் என்று சொல்வது இந்தத் தட்டுகளை. பிசகு இரண்டு விதமாக வரும். இரண்டு பிளாஞ்சின் நடுவும் ஒன்றுக்கொன்று மேலே கீழே, அல்லது பக்கவாட்டில் விலகி நிற்கலாம். இதை விலகல் என்போம். நடு பொருந்தியும் முகங்கள் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விரிந்து நிற்கலாம், இது கோணல். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஷாஃப்ட் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புறொப்பெல்லர்ப் பக்கம் அதைத் தாங்கும் பின் பெயரிங்கும், அது படகை விட்டு வெளியே போகும் குழாயும் முடிவு செய்துவிட்டன. ஆகவே எஞ்சின்தான் ஷாஃப்டைத் தேடி வரவேண்டும். எஞ்சின் இருக்கிற இடத்துக்கு ஷாஃப்டை இழுத்துப் பிடிப்பது நேராக்கல் அல்ல, வளைத்தல். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதில் இருந்தே தொடங்குகின்றன.

நேர் பிசகினதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஷாஃப்ட் குழாய்க்குள் நுழையும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் ஓயாமல் ஒழுகும். இறுக்கினால் சூடாகும், இரண்டு நாளில் திரும்ப ஒழுகும். அதற்குள் இருக்கும் அடைப்பு வளையங்களை, அதாவது பக்கிங்கை, கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். கியர் பொக்ஸின் பின் சீல் அடிக்கடி ஓயில் கசியும். கப்ளிங் போல்ட் தளரும் அல்லது முறியும். பின் பெயரிங்கின் றபர் ஒரு பக்கம் தின்னப்பட்டிருக்கும். நாள் போகப் போக ஷாஃப்ட் கப்ளிங்குக்குப் பின்னே, பிளாஞ்சைப் பிடிக்கும் சாவிக்கட்டைக்கு வெட்டிய பள்ளத்தின் முனையில் முறியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும் இரும்பு அங்கேதான் களைக்கிறது.

எல்லா அதிர்வும் இதனால் வருவதல்ல. முதலில் கியரை நியூட்ரலில் விட்டு எஞ்சினை வேகப்படுத்திப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் ஷாஃப்டைக் குறை சொல்ல ஏலாது: இஞ்செக்டர், எஞ்சினைத் தாங்கும் றபர் மவுண்ட் உடைந்திருப்பது, ஒரு சிலிண்டர் எரியாமை என்று தேடுங்கள். கியர் போட்டதும் அதிர்ந்தால் கப்ளிங்கைக் கழற்றும் முன் ஒருவர் மூழ்கிப் புறொப்பெல்லரைப் பார்க்கட்டும். சுற்றிய வலைத்துண்டு, தங்கூசி (நைலோன் நூல்), ஒரு இதழில் மட்டும் படிந்த சிப்பி, மணல் திட்டில் அடித்து வளைந்த இதழ் நுனி, எல்லாம் இதே அதிர்வைத் தரும். தங்கூசி பின் பெயரிங்குக்குள் புகுந்து உருகியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஷாஃப்டைக் கையால் சுற்றும்போது இறுக்கம் தெரியும்.

கரையில வைச்சே முடிக்க ஏலாதோ? தண்ணிக்குள்ள வேலை செய்யிறது கரைச்சல்.

ஏலாது. கரையில் செய்வது முதற்கட்டம் மட்டும்.

மணலில் கிடக்கும் படகை ஏராக்கட்டையும் (படகின் நடு அடிமரம்) இரண்டு முட்டுக் கட்டைகளும் தாங்குகின்றன. தண்ணீரில் அதே உடம்பை எல்லாப் பக்கத்தாலும் தண்ணீர் தாங்குகிறது. இரண்டு நிலைக்கும் இடையே உடம்பு வளையும். பைபர் படகும் வளையும், மரப்படகு இன்னும் கூட. நமக்குத் தேவையான அளவோ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. கரையில் கச்சிதமாக நேராக்கிய எஞ்சின் தண்ணீரில் இறங்கியதும் அதன் நாலைந்து மடங்கு விலகி நிற்பது புதினம் இல்லை.

இறக்கியவுடனேயும் அளக்காதீர்கள். பைபர் படகை ஒருநாளாவது மிதக்க விடுங்கள். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த மரப்படகு என்றால் பலகை ஊறி வீங்கி நிலைக்கு வர ஒரு கிழமை விடுவது நல்லது.

சில நாடுகளில் வற்றும்போது படகைத் தரைதட்ட வைத்து அடிவேலை பார்ப்பார்கள். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே அடிவேலைக்குக் கரைக்கு ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றிய நாளில் ஷாஃப்ட், பின் பெயரிங், புறொப்பெல்லர் மூன்றையும் முடித்துவிட்டால் தண்ணீரில் எஞ்சின் வேலை மட்டும் மிஞ்சும்.

எந்த மாதம் செய்யிறது நல்லம்?

அலை அசைக்கும் படகில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பிடிக்க ஏலாது. முல்லைத்தீவுக் கரையில் வாடை (வடகீழ்க் காற்று) தொடங்க முன்னம், மன்னார்க் கரையில் சோழகம் (தென்மேற்குக் காற்று) தொடங்க முன்னம் முடியுங்கள். எங்கும் காலை நேரம்தான் நல்லது. களப்புக்குள் கட்டக்கூடிய இடம் இருந்தால் அதைவிட வேறு என்ன வேணும்.

படகில என்ன பாரம் இருக்க வேணும்?

வழக்கமாகக் கடலுக்குப் போகும் பாரம். டீசல் தாங்கி பாதிக்கு மேல், வலை அதன் இடத்தில், நங்கூரம் அணியத்தில். ஐஸ் பெட்டி பெரிதென்றால் ஐஸின் பாதிப் பாரத்துக்கு மணல் மூட்டை வையுங்கள். அளக்கும்போது ஆட்கள் இடம் மாறக்கூடாது. பின்னால் மூன்று பேர் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தால் அளவு மாறும்.

என்ன சாமான் வேணும்?

ஃபீலர் கேஜ் ஒரு கட்டு (0.05 முதல் 1 மி.மீ. வரை), ஓரம் தேயாத ஸ்டீல் அடிமட்டம், மவுண்ட் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர் இரண்டு, சின்ன ஜக் ஒன்று, அலவாங்கு, மீன் நிறுக்கும் தொங்கு தராசு, ஹோஸ் கிளிப் இரண்டு, எமரித் தாள், வெள்ளைப் பெயின்ற். டயல் கேஜ் கிடைத்தால் ஷாஃப்டின் வளைவைப் பார்க்க உதவும்; கட்டாயம் இல்லை. ஃபீலர் கேஜ் இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம். சிகரெட் பெட்டி அட்டையும் பிளேட்டும் வைத்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். அட்டை நசியும், அது சொல்லும் அளவை நம்ப ஏலாது.

கப்ளிங்கைக் கழற்றும்போது எதில கவனம்?

முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். இரண்டு பிளாஞ்சிலும் எதிரெதிரே ஒரு குறி அடியுங்கள்; பூட்டும்போது அதே நிலைக்கு வரவேண்டும்.

அடுத்ததைத் தவறவிட்டால் படகே போகும். போல்ட்டைக் கழற்றியதும் ஷாஃப்டைப் பிடிக்க ஒன்றும் இல்லை. நீரோட்டமோ ஒரு தட்டோ போதும், அது பின்னுக்கு வழுகும். பின்னால் சுக்கான் தடுக்காவிட்டால் குழாயை விட்டே வெளியேறி, அந்த ஓட்டையால் தண்ணீர் குபுகுபுவென்று வரும். ஆகவே போல்ட்டில் கை வைக்கும் முன், கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்டில் இரண்டு ஹோஸ் கிளிப்பை இறுக்கிவிடுங்கள். குழாய் வாய்க்குப் பொருந்தும் மர முளை ஒன்றும் பக்கத்தில் கிடக்கட்டும்.

ஷாஃப்டில் இருந்து பிளாஞ்சை எடுக்க வேண்டி வந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடி கியர் பொக்ஸ் பெயரிங்கிற்கும் போகும். முதலில் பிளாஞ்சின் பக்கத் திருகுகளைத் தளர்த்துங்கள். பிறகு இரண்டு பிளாஞ்சுக்கும் இடையே, ஷாஃப்டின் நுனியில் மட்டும் படும்படி ஒரு சிறிய சொக்கெட்டை வைத்து, நீளமான போல்ட்டுகளால் பிளாஞ்சுகளைச் சிறிது சிறிதாக ஒன்றையொன்று நோக்கி இழுங்கள். ஷாஃப்ட் பின்னுக்குத் தள்ளுப்பட்டுப் பிளாஞ் கழன்று வரும். இது கரையில் செய்யும் வேலை.

ஷாஃப்டே வளைஞ்சிருந்தா?

அப்படியென்றால் எஞ்சினை எவ்வளவு நகர்த்தினாலும் நேராகாது. ஆகவே இதை முதலில் பாருங்கள்.

இரண்டு பிளாஞ்சையும் மெல்ல ஒட்ட வைத்து, இடைவெளி எங்கே கூட இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கியர் பொக்ஸ் பக்கத்தை அசையாமல் வைத்து ஷாஃப்டை மட்டும் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புங்கள். விரிந்த பக்கம் இருந்த இடத்திலேயே, உதாரணமாகக் கீழேயே, நின்றால் பிழை எஞ்சினின் நிலையில். விரிந்த பக்கம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் பிளாஞ் செங்குத்தாகப் பூட்டப்படவில்லை. கியர் பொக்ஸ் பிளாஞ்சைத் திருப்பும்போது அதோடு சுற்றினால் பிழை அந்தத் தட்டில். முகங்களில் துரு, பெயின்ற், போல்ட் ஓட்டையைச் சுற்றி எழும்பிய பிசிர் இருந்தாலும் இதே ஏமாற்று நடக்கும். எமரித் தாளால் துடைத்துவிட்டே அளக்க வேண்டும்.

டயல் கேஜ் இருந்தால் கிளாண்டுக்குப் பக்கத்தில் ஷாஃப்டில் வைத்து ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஷாஃப்டை எடுத்து லேத்துக்குக் கொண்டுபோங்கள். பிளாஞ்சை ஷாஃப்டில் பூட்டிய நிலையிலேயே அதன் முகத்தையும் லேத்தில் ஒருமுறை சீவச் சொல்லுங்கள். தனித்தனியே சரியாக இருக்கும் இரண்டும் சேர்ந்ததும் கோணலாவது உண்டு.

பின் பெயரிங்கையும் கரையிலேயே பாருங்கள். புறொப்பெல்லர்ப் பக்கம் ஷாஃப்டை மேலும் கீழும் தூக்குங்கள். 25 முதல் 32 மி.மீ. ஷாஃப்டில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் புதிது போடும் காலம். நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற ஆழம் குறைந்த களப்புகளில் ஓடும் படகுகளில் மணல் புகுந்து றபர் சீக்கிரம் தேய்கிறது.

போல்ட் கழட்டினவுடன ஷாஃப்ட் கீழ தொங்குது. அதை அப்பிடியே வைச்சு அளக்கலாமோ?

அளந்தால் எஞ்சினைத் தேவைக்கு மேல் தாழ்த்திவிடுவீர்கள். குழாயின் முன் வாயில் இருந்து பிளாஞ் வரை ஷாஃப்டுக்குத் தாங்கல் இல்லை. தன் பாரத்தாலும் பிளாஞ்சின் பாரத்தாலும் தொங்குகிறது. அந்தத் தொங்கலை எடுத்துவிட்டே அளக்க வேண்டும்.

இங்கேதான் மீன் தராசு. தாங்கல் இல்லாத ஷாஃப்ட் துண்டின் பாரத்தில் பாதி, அதோடு பிளாஞ்சின் முழுப் பாரம். இந்தக் கூட்டுத்தொகை தராசில் காட்டும் வரை பிளாஞ்சை மேலே தூக்கிக் கட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் ஒரு மீற்றருக்கு 25 மி.மீ. என்றால் ஏறத்தாழ 3.9 கிலோ, 32 மி.மீ. 6.3 கிலோ, 38 மி.மீ. 9 கிலோ. 32 மி.மீ. ஷாஃப்ட் 1.2 மீற்றர் தாங்கல் இல்லாமல் நிற்கிறது, பிளாஞ் 4 கிலோ என்று வையுங்கள். துண்டின் பாரம் 7.6, அதில் பாதி 3.8, பிளாஞ்சோடு 7.8. தராசு 8 கிலோவுக்குக் கிட்டக் காட்டும்போது கயிற்றைக் கட்டி, அந்த உயரத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள்.

தராசு இல்லாதபோது, ஷாஃப்ட் தானாகத் தொங்கும் இடத்தையும் கையால் இலேசாகத் தூக்கினால் தடைப்படும் இடத்தையும் குறித்து, நடுவில் வைப்பவர்கள் உண்டு. மெல்லிய ஷாஃப்டுக்கு அது ஓரளவு சரிவரும். பக்கவாட்டுக்கு இதே வழிதான்: இடமும் வலமும் தள்ளிப் பார்த்து நடு.

முட்டுக் கொடுத்தபின் குழாயின் முன் வாயைப் பாருங்கள். ஷாஃப்ட் குழாயின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசுவதுபோல் நின்றால் பிழை குழாயிலோ பின் பெயரிங் பிடியிலோ. எஞ்சினை நகர்த்தி அதைத் திருத்த ஏலாது.

இனி அளக்கிறது எப்படி?

முதலில் விலகல். ஒரு பிளாஞ்சில் நடுவே சின்ன மேடும் மற்றதில் அதற்கேற்ற பள்ளமும் இருக்கும். இரண்டையும் கையால் சேர்க்கும்போது மேடு பள்ளத்துக்குள் தட்டாமல் முட்டாமல் போகவேண்டும். பிறகு ஸ்டீல் அடிமட்டத்தை இரண்டு பிளாஞ்சின் விளிம்பிலும் படும்படி மேல், கீழ், இடம், வலம் வைத்துப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஃபீலர் கேஜ் விட்டு அளவை எடுங்கள். இரண்டு பிளாஞ்சும் ஒரே விட்டமா என்பதை முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் தனியே வாங்கிப் பூட்டிய பிளாஞ் சில நேரம் கொஞ்சம் சிறிது.

அடுத்தது கோணல். முகங்கள் ஓரிடத்தில் மட்டும் தொடும் வரை ஷாஃப்டை முன்னே தள்ளுங்கள். போல்ட் போடாதீர்கள். மேல், வலம், கீழ், இடம் என நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் விடுங்கள். தகடு இலேசான பிடியோடு போகவேண்டும், அமுக்கித் திணிக்கக்கூடாது. நாலு அளவையும் எழுதுங்கள். மனதில் வைத்தால் மூன்றாவது தரம் அளக்கும்போது கலங்கும்.

எவ்வளவு பிசகு பரவாயில்லை?

பொதுக் கணக்கு: பிளாஞ் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெக்கானிக் வாயில் சொன்னால் அங்குலத்துக்கு ஒரு தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று). 100 மி.மீ. பிளாஞ் என்றால் எதிரெதிர்ப் பக்க இடைவெளிகளின் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள், 125 மி.மீ. என்றால் 0.125க்குள். எஞ்சின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பிடியுங்கள்.

எஞ்சினை எந்தப் பக்கம் நகர்த்திறது? இதிலதான் எல்லாருக்கும் குழப்பம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடைவெளி எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதோ, எஞ்சினின் முன் பக்கத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கீழே விரிந்திருந்தால் முன் மவுண்ட்டைத் தாழ்த்துங்கள். மேலே விரிந்திருந்தால் உயர்த்துங்கள். இடம் விரிந்தால் முன் பக்கம் இடத்துக்கு.

எவ்வளவு என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். இடைவெளி வித்தியாசத்தை முன், பின் மவுண்ட்டுகளுக்கு இடையேயான தூரத்தால் பெருக்கி, பிளாஞ் விட்டத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். பிளாஞ் 125 மி.மீ., மவுண்ட் தூரம் 700 மி.மீ. மேலே 0.10, கீழே 0.50. வித்தியாசம் 0.40. பெருக்கி வகுத்தால் 2.24 மி.மீ. விரிவு கீழே, ஆகவே முன் மவுண்ட் இரண்டையும் 2.24 மி.மீ. தாழ்த்த வேண்டும். மவுண்ட் தண்டு எம் 16, புரி ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. என்றால் நட்டை ஒரு சுற்றும் இன்னும் எட்டில் ஒரு பங்கும். இந்தக் கணக்கு இல்லாமல் “கொஞ்சம் இறக்கு, கொஞ்சம் ஏத்து” என்று பகல் முழுக்க நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. பிளாஞ் பின் மவுண்ட்டுக்கும் பின்னால் நிற்கிறது. முன்பக்கம் தாழ, துலாவைப்போல் பிளாஞ் மேலே எழும்பும். அது பின் மவுண்ட்டில் இருந்து 250 மி.மீ. பின்னே இருந்தால், மேலே சொன்ன 2.24 மி.மீ. தாழ்வுக்குப் பிளாஞ் 0.8 மி.மீ. உயரும். ஆகவே கோணலைச் சரி செய்ததும் விலகலைத் திரும்ப அளக்க வேண்டும். அது பிழைத்திருந்தால் நாலு மவுண்ட்டையும் ஒரே அளவு ஏற்றியோ இறக்கியோ திருத்துங்கள். நாலும் ஒன்றாக நகர்ந்தால் கோணல் மாறாது. முதலில் மேல் கீழ், அது முடிந்த பிறகு இடம் வலம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

பக்கவாட்டுக்கு மவுண்ட்டின் அடித்தட்டில் நீள ஓட்டை இருக்கும். போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி அலவாங்கால் மெதுவாக நெம்புங்கள். நெம்புவது மவுண்ட்டின் இரும்பு அடியை. ஓயில் தட்டையோ ஸ்டார்ட்டரையோ அல்ல.

நாலு மவுண்ட்டும் ஒரே பாரம் தாங்குதோ எண்டு எப்படித் தெரியும்?

நாலு கால் மேசையின் ஒரு கால் குட்டையாக இருப்பதுபோல, எஞ்சின் மூலைக்கு மூலை இரண்டு மவுண்ட்டில் மட்டும் நிற்கலாம். அளவு நேராகக் காட்டும். கடலில் ஓடும்போது மற்ற மூலைக்குச் சாயும், நேர் போகும். ஒவ்வொரு மவுண்ட்டின் றபரும் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். முன்னிரண்டும் தமக்குள் ஒன்றாக, பின்னிரண்டும் தமக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வித்தியாசப்படலாம். கியர் பொக்ஸ் பக்கம் பாரம் கூட.

நட்டைத் திருப்பும் முன் அந்த மூலையின் பாரத்தை ஜக்கால் எடுத்துவிடுங்கள், புரி கெடாது. மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பனரால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றி உங்கள் 2.24 காற்றில் போகும். எல்லாம் இறுக்கியபின் ஒருதரம் கட்டாயம் அளவுங்கள். தண்டில் நட்டு மிக உயரத்தில் நின்றால் தண்டு ஆடும், முறியும். அப்போது மவுண்ட்டின் அடியில் தட்டு வைத்து உயர்த்துங்கள்.

அடியில என்ன வைக்கலாம்?

பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் தகடு, மவுண்ட் அடியின் முழு அகலத்துக்கும். சோடாத் தகரம், ட்யூப் துண்டு, ஒட்டுப்பலகைச் சீவல் எதுவும் வேண்டாம். அலுமினியத் தகரம் உப்புத் தண்ணீரில் மாவாகும், ட்யூப் நசியும், மரச்சீவல் ஊறி உப்பி, உலர்ந்து சுருங்கும். பத்து மெல்லிய தகட்டை அடுக்குவதைவிட ஒரு தடித்த தட்டும் இரண்டு மெல்லியதும் நல்லம்.

கப்ளிங் போல்ட்டை இறுக்கினா தானா நேராகும்தானே?

முகங்கள் ஒட்டும், அவ்வளவுதான். ஷாஃப்ட் வளைந்து, றபர் மவுண்ட் திருகி, கியர் பொக்ஸ் பெயரிங் இழுபட்டு ஒட்டுகிறது. கண்ணுக்கு நேராகத் தெரிவதால் பிழை மறைகிறது. நல்ல நேரில் போல்ட்டுகள் எல்லாம் விரலாலேயே உள்ளே போகும். ஒன்றையாவது அடித்து ஏற்ற வேண்டி வந்தால் திரும்ப அளக்கப் போங்கள்.

8.8 தர போல்ட், எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையில் இறுக்குங்கள். எம் 10க்கு சுமார் 45 நியூட்டன் மீற்றர், எம் 12க்கு சுமார் 80. ஒருமுறை நீண்டுபோன பழைய போல்ட்டையும் நைலோன் தேய்ந்த பழைய நட்டையும் திரும்பப் போடாதீர்கள்.

றபர் கப்ளிங் போட்டிருக்கிறம். அப்ப நேராக்கத் தேவையில்லையே?

தேவை. றபர் கப்ளிங் எஞ்சினின் உதறலையும் கியர் மாற்றும் அடியையும் வாங்கும். கோணலைத் தாங்கப் போட்டதல்ல. கோணலோடு ஓடினால் சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. றபர்த் துண்டை வெளியே எடுத்துவிட்டு, இரும்பு முகத்துக்கு இரும்பு முகம் நேராக்கி, பிறகு றபரைப் பூட்டுங்கள்.

எஞ்சின் நிற்கிற கட்டை பழுதெண்டால்?

மற்றதெல்லாம் வீண். பைபர் பூசிய மரக்கட்டையில் போல்ட் ஓட்டை வழியே தண்ணீரும் டீசலும் இறங்கி, வெளியே பளபளவென்று இருக்க உள்ளே புட்டாக உதிரும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, பொத் என்றால் திறக்க வேண்டும். புதிதாக வைப்பதென்றால் நன்கு காய்ந்த முதிரை போன்ற வைரமரம். ஈரமரத்தைப் பூட்டினால் காயக் காயத் திருகும், எஞ்சினும் அதோடு போகும். ஓட்டைகளை ரெசின் பூசி அடைத்தபின் போல்ட் போடுங்கள். மரத்தில் நேராக ஏற்றும் மரத்திருகு காலப்போக்கில் தளரும். அடியில் இரும்புத் தட்டு வைத்த போல்ட்டும் நட்டும் நிலைக்கும்.

வேற எஞ்சின் இறக்கிறம். இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஷாஃப்டை எடுத்துவிட்டு, குழாயின் இரு வாயிலும் நடுவில் சின்ன ஓட்டையிட்ட வட்டப்பலகை செருகுங்கள். பின்னால் ஒரு குற்றி, எஞ்சின் அறையின் முன்சுவரில் ஒரு குறுக்குச் சட்டம். இரண்டுக்கும் இடையே மெல்லிய உருக்குக் கம்பியை ஓட்டைகளின் நடுவால் இறுக்கி இழுங்கள். தங்கூசியும் உதவும், ஆனால் இழுபடும், நன்றாகக் கட்டி இறுக்க வேண்டும். இந்தக் கம்பிதான் ஷாஃப்டின் கோடு.

எஞ்சினின் வரைபடத்தில், பிளாஞ் நடுவுக்கும் மவுண்ட் கால்களின் தளத்துக்கும் இடையே உள்ள உயரம் இருக்கும். வரைபடம் இல்லாவிட்டால் எஞ்சினை மட்டமான தரையில் வைத்து நீங்களே அளவுங்கள். எஞ்சினின் பாரத்தில் றபர் அமுங்கும் அளவையும் கணக்கில் எடுத்து, மேலே 10 மி.மீ. கீழே 10 மி.மீ. திருத்த இடம் விட்டுக் கட்டையை அமையுங்கள். எஞ்சின் எவ்வளவு சரிந்து நிற்கலாம் என்பதற்குக் கையேட்டில் எல்லை இருக்கும். அதைத் தாண்டினால் ஓயில் பம்ப் காற்றை இழுக்கும்.

லொறி, டிரக்டர் எஞ்சினைத் திருத்திப் பூட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புறொப்பெல்லரின் தள்ளுவிசை முழுவதும் கியர் பொக்ஸ் வழியாக மவுண்ட்டுக்கு வருகிறது. தரை வாகன மவுண்ட் அந்த முன்தள்ளலுக்குச் செய்ததல்ல. எஞ்சின் முன்னுக்கு நகரும், நேர் போகும்.

நேராக்கின பிறகு கிளாண்ட் எவ்வளவு ஒழுகலாம்?

பழைய வகைப் பக்கிங் கிளாண்ட் என்றால் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு. நிற்கும்போது ஒன்றும் இல்லை, அல்லது அரிதாக ஒன்று. கையை வைத்தால் இளஞ்சூடு மட்டும். நேராக்கிய நாளிலேயே பக்கிங்கைப் புதிதாக்குங்கள், பழையது கோணலுக்குத் தேய்ந்த வடிவத்தில் இருக்கும். மூன்று நாலு வளையம், ஒவ்வொன்றையும் சரிவாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒரே கோட்டில் வராமல் போட வேண்டும். ஒரே நீளத்தைச் சுருளாகச் சுற்றிவிட்டால் தண்ணீர் அந்தச் சுருள் வழியாகவே வரும்.

எல்லாம் நேர். ஆனாலும் ஒரு வேகத்தில மட்டும் அதிருது.

அந்த வேகத்துக்கு மேலும் கீழும் அமைதி என்றால் ஷாஃப்டோ மவுண்ட்டோ அந்தச் சுற்றில் ஒத்து ஆடுகிறது. ஷாஃப்டின் தாங்கல் இல்லாத நீளம் அதன் விட்டத்தின் 40 மடங்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். 32 மி.மீ. ஷாஃப்டுக்கு அது 1.28 மீற்றர். தாண்டினால் நடுவில் ஒரு பெயரிங் தேவைப்படலாம். தாண்டாவிட்டால் டீசல் ஊறி மென்மையான மவுண்ட் றபரைச் சந்தேகியுங்கள். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடிக்கொண்டே போனால் புறொப்பெல்லரின் சமநிலை.

திரும்ப எப்ப பார்க்க வேணும்?

புது றபர் மவுண்ட் போட்டிருந்தால் ஓடி 50 மணித்தியாலத்துக்குள். புது றபர் முதல் நாட்களில் அமுங்கும். பிறகு வருடம் ஒருமுறை. முகத்துவாரத்து மணலில் தட்டினாலோ, வலை சுற்றி எஞ்சின் திடீரென்று நின்றாலோ, படகைக் கரைக்கு ஏற்றி இறக்கினாலோ அடுத்த கடலுக்கு முன்னம்.

கடைசியாக எடுத்த நாலு அளவு, விலகல், திகதி, அப்போது தாங்கியில் இருந்த டீசல், எல்லாவற்றையும் எஞ்சின் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதிவையுங்கள். காகிதம் படகில் நிற்காது. அடுத்தமுறை வரும் மெக்கானிக் வேறு ஆளாக இருந்தாலும், எந்த மவுண்ட் இறங்கியிருக்கிறது என்பது அந்த எழுத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரியும்.